விரலிடுக்கைப் பாருங்கள்

மழை கனத்தால் கொழும்பு முழுக்க நாகலகம் வீதியின் பெயர் அடிபடும். களனி ஆற்றின் நீர்மட்டத்தை அங்கேதான் அளக்கிறார்கள். கிராண்ட்பாஸ் குடியிருப்புத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு அளவுகோல் தேவையில்லை. கான் நிரம்பி, கறுத்த தண்ணீர் வாசற்படி ஏறும்போதே தெரிந்துவிடும். 2016 மே மாதத்திலும் களனி அப்படிப் பெருக்கெடுத்தது. அதே ஆண்டில்தான், நுளம்பு பரப்பும் யானைக்கால் நோய் இலங்கையில் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது.

அது சின்ன வெற்றியல்ல. 1947இல் தொடங்கிய யானைக்கால் ஒழிப்பு இயக்கத்தின் ஊழியர்கள் இரவில் வீடு வீடாகப் போய் விரல் நுனியில் இரத்தம் எடுத்தார்கள். இந்நோயின் நுண்புழுக்கள் நடு இரவை ஒட்டித்தான் இரத்த ஓட்டத்தில் திரளும். பகலில் எடுத்தால் பெரும்பாலும் அகப்படாது. 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களின் எட்டு மாவட்டங்களில், ஆண்டுக்கு ஒரு தடவை, டிஇசி, அல்பெண்டசோல் ஆகிய இரண்டு மருந்துகளையும் மக்கள் விழுங்கினார்கள். அடைபட்ட கான்களிலும் மலக்குழிகளிலும் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு இன்றும் போகவில்லை. ஆனால் அது ஏந்திச் செல்லப் புழு அரிதாகிவிட்டது.

புழு போனாலும், அது முன்பே கெடுத்துவிட்ட கால் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கால்களை இப்போது யார் பார்க்கிறார்கள் என்பதே என் கவலை.

முதிர்ந்த புழு நிணநீர்க் குழாய்களுக்குள் ஐந்தாறு ஆண்டுகள் வாழும். குழாய் விரியும், உள்ளிருக்கும் வால்வுகள் செயலிழக்கும், நிணநீர் மேலேறாமல் காலில் தேங்கும். புழு செத்த பிறகும் அந்தக் குழாய் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆனால் கால் மேலும் மேலும் தடித்து யானைக்காலாவதற்குப் புழுவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் இதை விளக்கிக் காட்டினார்கள். நிணநீர் தேங்கிய தோலில் எதிர்ப்புச் சக்தி குறைவு. விரலிடுக்கில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், சாதாரண பாக்டீரியா உள்ளே நுழைந்துவிடும். பிறகு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், அரையில் நெறி, கால் சிவந்து தொட முடியாத வலி. சில நாட்களில் தணியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் வீக்கம் கொஞ்சம் கூடிவிட்டுத்தான் போகும்.

தவறவிடப்படும் சிக்கல் இந்தக் காய்ச்சல்தான். கொழும்பில் காய்ச்சல் என்றதும் நினைவுக்கு வருவது டெங்கு. வெள்ளத்துக்குப் பிறகென்றால் எலிக்காய்ச்சல். இரண்டையும் சோதிக்கத்தான் வேண்டும். சோதித்து இல்லை என்றானதும் பெனடோல் கொடுத்து அனுப்பிவிட்டால், சாரத்துக்குள்ளோ சேலைக்குள்ளோ இருக்கும் காலை யாருமே பார்க்காமல் போய்விடும். நோயாளியும் வெட்கத்தில் காட்டமாட்டார். காய்ச்சலோடு வருகிறவரிடம் “இதே மாதிரி முன்னமும் வந்ததா? எந்தக் கால் வலிக்கிறது?” என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். தேவை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் ஓய்வும் குளிர்ந்த துணியும்தான். அந்த நேரத்தில் சூடான ஒத்தணமும் எண்ணெய் போட்டு உருவுவதும் கூடவே கூடாது.

காய்ச்சல் இல்லாத நாட்களின் பராமரிப்பு இன்னும் முக்கியம். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி, மெல்ல உரிந்து, ஓரத்தில் நூல்போல ஒரு வெடிப்பு இருக்கும். அது பூஞ்சை. பலருக்கு அரிப்பே இராது, ஆகவே கண்டுகொள்வதில்லை. தினமும் சாதாரண சவர்க்காரமும் சுத்தமான பச்சைத் தண்ணீரும் கொண்டு முழங்காலிலிருந்து கீழ்நோக்கி, மடிப்புகளுக்குள்ளும் விரல்களுக்கிடையிலும், வழியும் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். இடுக்கு ஈரமாக இருந்தால் கழுவியதே வீண்; மெல்லிய துணியை விட்டு ஈரத்தை எடுத்தபின் பூஞ்சைக் களிம்பு பூசலாம். இரவில் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது, பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, உரசாத செருப்பு என்பவையும் சேர்ந்தால் காய்ச்சல் வரும் தடவைகள் குறையும். ஆனால் பத்து வீட்டுக்கு ஒரு குழாய் இருக்கும் தோட்டத்தில், வரிசையில் நின்று காலைக் கழுவிக்கொண்டிருக்க யாரால் முடியும்? தண்ணீரையும் மருந்தாகக் கணக்கில் எடுத்தால்தான் இந்த ஆலோசனைக்கு அர்த்தம் உண்டு.

வீங்கிய கால் எல்லாமே புழுவின் வேலை என்று எண்ணிவிடவும் கூடாது. பிறக்கும்போதே இரு பாதங்களும் வீங்கியிருக்கும் குழந்தைகள் உண்டு. நிணநீர்க் குழாய்கள் வளர்வதற்கான மரபணுவில் பழுது; 1892இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவரின் பெயரால் மில்ராய் நோய் எனப்படுகிறது. குடும்பத்தில் பெற்றோரில் ஒருவருக்கும் பெரும்பாலும் இருக்கும். அயலார் “யானைக்கால்” என்று முத்திரை குத்தினாலும், புழு மருந்தால் அந்தப் பிள்ளைக்கு எந்தப் பயனுமில்லை. கழுவிக் காயவைக்கும் பராமரிப்பு மட்டும் அதற்கும் இதேதான். ஒரே ஒரு கால் திடீரென வீங்கினால் கதை வேறு: நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

யானைக்கால் புழுவின் இன்னும் மூன்று அடையாளங்கள் வழிதவறிப் போகின்றன. இரவில் மட்டும் வரும் வறட்டு இருமலும் இழுப்பும் தொய்வு என்றே ஆண்டுக்கணக்கில் வைத்தியம் பெறும். புழுவுக்கு எதிரான ஒவ்வாமையாக இருந்தால் இரத்தத்தில் ஈயோசினோபில் அணுக்கள் மிகக் கூடியிருக்கும், டிஇசி கொடுத்தால் தணியும். சிறுநீர் பால்போல வெளுத்துப் போவது நிணநீர் கசிவதால். ஆண்களின் விரைவீக்கத்துக்கு எளிய சத்திரசிகிச்சை உண்டு. சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு வேலையை விட்டவர்கள், கலியாணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். நம் அரச வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் கேட்கமாட்டார்கள். இந்தச் செய்தி அவர்களுடைய காதுக்குப் போய்ச் சேரவில்லை.