இன்றும் உழைக்கும் இறைவன்

ஓய்வு நாளில் நோயாளியைக் குணமாக்கினார் எனத் தம்மேல் குறைகூறியோருக்கு ஆண்டவர் இயேசு அளித்த மறுமொழி யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. தம் தந்தை இன்றளவும் ஓயாது செயலாற்றுவதாகவும், ஆகவே தாமும் அவ்வாறே செய்வதாகவும் அவர் கூறினார். கடவுள் உலகைப் படைத்தார் என்பதை நாம் எளிதில் ஏற்றுக்கொள்கிறோம். இன்று காலை நம் வீட்டில் அவர் என்ன செய்தார் என்று வினவினால் பலரும் மௌனமாகிவிடுகிறோம்.

கல்முனைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல்வட்டைகளுக்குச் சென்று பாருங்கள். உழுது விதைத்து, வட்டவிதானையார் நீர் திறக்கும் முறைக்காகக் காத்திருந்து, இரவில் உறங்கச் செல்கிறார் விவசாயி. அவர் உறங்குகையில் பயிர் வளர்கிறது. எவ்வாறு வளர்கிறது என்று அவருக்கே தெரியாது. மாற்கு மட்டுமே நமக்குத் தந்துள்ள சிறியதோர் உவமை இது (4:26-29). வேளாண்மை செய்யும் குடும்பங்களுக்கு இதற்கு விரிவுரை தேவையில்லை.

ஆயினும் இறைவனின் செயலைப் பயிரில் காண்பது எளிது. பேரழிவின் நடுவில் காண்பது அவ்வளவு எளிதன்று. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பத் திருவிழா. குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குத் தப்பியோடிய யோசேப்பைப் பற்றிய மத்தேயு நற்செய்திப் பகுதியே அன்றைய திருப்பலி வாசகமாக இருந்தது. அதே காலையில்தான் கடல் எழுந்து வந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோர ஊர்கள் யாவிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஓடினர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே.

உயிர் பிழைத்தவர்கள், "கடவுள் என்னைக் காப்பாற்றினார்" என்றனர். நன்றி கூறுவது தக்கதே. ஆனால் அச்சொல்லைப் பிள்ளைகளை இழந்த தாயொருத்தியின் முன் உரத்துச் சொல்வது நம்பிக்கையின் அடையாளமாகாது என்பது என் கருத்து. அவளுடைய பிள்ளைகளைக் கடவுள் கைவிட்டார் என்று அதற்குப் பொருளாகிவிடும். பெத்லகேமின் மாசற்ற குழந்தைகள் ஏன் காப்பாற்றப்படவில்லை என்பதற்கு மத்தேயுவும் விளக்கம் தரவில்லை. ராகேலின் அழுகையை மட்டும் எழுதிவைத்தார். நாமும் அங்கே நின்றுவிடுவது நல்லது. நீருக்குள் கைநீட்டி அந்நியரை இழுத்தெடுத்தவர்களிடத்தும், பள்ளிவாசல், ஆலயம், கோவில், பாடசாலை என்று பாராது அகதிகளுக்குச் சோறு சமைத்தவர்களிடத்தும் இறைவன் உழைத்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் துணிந்து கூறலாம்.

இப்பகுதிக் கத்தோலிக்கர் எண்ணிக்கையில் சிலரே. அதிகாலையில் பாங்கொலி கேட்டே நம் வீடுகளும் விழிக்கின்றன. நாளைய வேலையைப் பற்றிப் பேசும் முஸ்லிம் அயலவர் "இன்ஷா அல்லாஹ்" என்று சேர்த்துக்கொள்வார். ஆண்டவர் திருவுளம்கொண்டால் என்று சொல்லிப் பழகுமாறு யாக்கோபின் திருமுகமும் (4:15) நம்மைக் கேட்கிறது. நாம்தான் அதை மறந்துவிட்டோம்!

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் இரத்தம் சிந்தப்பட்டபின் இந்த அயலுறவின்மேல் ஐயம் படர்ந்தது. ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில், அக்கும்பலைச் சேர்ந்தோர் பதுங்கியிருந்த வீட்டில் குண்டுகள் வெடித்து, குழந்தைகள் உட்படப் பதினைந்து பேர் இறந்தனர். புதிதாக வந்து தங்கியவர்கள்மீது ஐயம்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. இச்செய்தி நம் குடும்பங்களில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபையார் பொறுப்பேற்று வளர்த்த திருச்சபை இது. 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாயிற்று. அச்சபையின் தந்தை புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆத்தும சோதனையை நாம் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் குற்றங்களை எண்ணும் வேலையாகச் சுருக்கிவிட்டோம். அவரோ நன்றியிலிருந்து தொடங்கச் சொன்னார். பெற்ற நன்மைகளுக்கு முதலில் நன்றி, பின்னர் ஒளி வேண்டுதல், அதன்பின்னரே நாளின் கணக்கும் மன்னிப்பும் மறுநாளுக்கான தீர்மானமும்.

இரவு செபமாலை முடிந்ததும் ஐந்து நிமிடம் போதும். தந்தையோ தாயோ பிள்ளைகளிடம் கேட்கட்டும்: இன்று நமக்கு யார் வழியாக நன்மை வந்தது? மழைக்குள் பாடசாலையிலிருந்து ஏற்றி வந்த முச்சக்கரவண்டிக்காரர், காசு பிறகு தாருங்கள் என்று மருந்தைக் கையில் வைத்த கடைக்காரர், அம்மம்மாவுக்கு ஊசி போட வந்த தாதி. பிள்ளைகள் சொல்லும் பெயர்களை அப்படியே செபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்முனையில் அவற்றுள் பாதிக்கு மேல் முஸ்லிம் பெயர்களாகவே இருக்கும்.