செருப்பு கடிப்பது தெரியாவிட்டால்?

என் தாய்மாமா ஒரு நாள் மாலை கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் அமர்ந்தார். செருப்பைக் கழற்றியதும் உள்ளே இரத்தக் கறை தெரிந்தது. தேய்ந்துபோன அடித்தோலிலிருந்து ஒரு சிறு ஆணியின் முனை மேலே வந்திருந்தது. அதை மிதித்துக்கொண்டே இரண்டு கிலோமீட்டர் நடந்திருக்கிறார், ஒன்றும் தெரியவில்லை! பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். மிளகளவு இருந்த அந்தப் புண் ஆற நான்கு மாதங்களாயின.

செருப்பு கடித்தால் நாம் உடனே கழற்றிவிடுவோம். நெடுநாள் நீரிழிவினால் பாத நரம்புகள் பழுதடைந்தவருக்கு அந்தக் கடி தெரியாது. இதில் இன்னொரு விந்தையும் உண்டு. உணர்ச்சி குறைந்தவருக்கு அளவான செருப்பு காலில் இருப்பதே தெரிவதில்லை. எனவே இறுக்கிப் பிடிப்பதைத்தான் 'இது சரியாக இருக்கிறது' என்று வாங்கி வருகிறார்! ஆகவே இவர் விஷயத்தில் காலைக் கேட்டுப் பயனில்லை. அளந்துதான் பார்க்க வேண்டும். அளக்க வேண்டியது அழுத்தத்தை.

விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும் என்பது நீங்கள் பள்ளியில் படித்ததே. ஒருவரின் எடை 60 கிலோகிராம் என்போம். நிற்கும்போது இரு பாதங்களும் தரையில் படும் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோகிராம் எடைதான் விழுகிறது. நடக்கும்போது கதை வேறு. குதிகால் உயர்ந்து, முன்பாதத்தால் தரையை உந்தும் கணத்தில் முழு எடையும், அதற்குச் சற்று மேலும், ஏறக்குறைய 35 சதுர சென்டிமீட்டரில் இறங்குகிறது. அழுத்தம் 2 கிலோகிராமை எட்டிவிடும். செருப்புக்குள் பட்டாணி போன்ற ஒரு கல் கிடந்து, கால் சதுர சென்டிமீட்டர் இடத்தில் 5 கிலோகிராம் மட்டும் தாங்கினாலும் அழுத்தம் 20 கிலோகிராம்! நாளொன்றுக்கு 5,000 அடி நடப்பவரின் ஒவ்வொரு பாதத்திலும் இது 2,500 முறை நிகழ்கிறது. வலி தெரிந்தவர் தம்மை அறியாமலே காலைச் சாய்த்து வைத்து அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்வார். வலி தெரியாதவரோ ஒரே இடத்தில் ஓங்கி ஓங்கி மிதிப்பார். முதலில் காய்ப்பு, பிறகு அதன் அடியில் புண்.

இந்த உண்மை தெளிவானதில் நம் வேலூருக்குப் பெரும் பங்குண்டு. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் சிதைவதற்கு முக்கியக் காரணம் கிருமி தசையைத் தின்பதன்று, உணர்ச்சியற்ற காலில் மீண்டும் மீண்டும் ஏற்படும் காயமே என்று காட்டினார். 1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோயில் கற்ற பாடம் அங்கே நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்தியது. தொழுநோயாளிகளுக்கென இங்கே பழக்கத்துக்கு வந்த நுண்ணறை ரப்பர்ச் செருப்பைத்தான் இன்று நீரிழிவு உள்ளவர்களும் அணிகிறார்கள். கடையில் 'எம்.சி.ஆர்.' என்று கேளுங்கள்.

இந்த ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிறைந்துள்ளன. பாதத்தின் மேடு படும் இடத்தில் அது அமுங்கிக் கொடுக்க, பள்ளமான இடமும் எடையில் பங்கு கொள்கிறது. பரப்பு இரு மடங்கானால் அழுத்தம் பாதியாகும்; இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் நன்கு அமுங்கி, விட்டவுடன் பழைய உயரத்துக்கு எழ வேண்டும். பஞ்சுபோல் ஒரேயடியாகத் தட்டையாகிவிடும் ஸ்பாஞ்ச் பயன்படாது. தட்டையான பிறகு அதுவும் வெறும் பலகையே. மெத்தென்ற இந்த ரப்பரை முள் எளிதில் துளைத்துவிடும். அதனால் அடியில் கெட்டி ரப்பர் வேண்டும். பழைய கார் டயரே போதும். ஒட்டலாம், தைக்கலாம், ஆணி மட்டும் கூடாது. ரப்பர்த் தகடு கிடைத்தால் தெருமுனையில் செருப்புத் தைப்பவரே செய்து கொடுத்துவிடுவார். பாதம் கோணாமல், புண் இல்லாமல் இருப்பவருக்கு விலையுயர்ந்த வெளிநாட்டுக் காலணி தேவையில்லை என்பது என் கருத்து. பாதம் கோணியவரும் புண் உள்ளவரும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வாங்க வேண்டாம்.

ஹவாய் செருப்பை விட்டுவிடுவது நல்லது. விரலிடுக்கில் வார் உராய்வது ஒரு குறை. அது கழன்று விழுந்தாலும் உணர்ச்சியற்றவருக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய குறை. முன்னால் அகலமான பட்டையும், குதிகாலுக்குப் பின்னால் ஒரு வாரும் உள்ளதாகப் பாருங்கள். வெல்க்ரோ பட்டையானால் கால் வீங்கும் நாளில் தளர்த்திக்கொள்ளலாம்.

மாலையில் பாதம் சற்றுப் பருத்திருக்கும். அப்போதுதான் கடைக்குப் போக வேண்டும். போகுமுன் ஓர் அட்டைமேல் நின்று, பிறரைக் கொண்டு இரு பாதங்களையும் சுற்றி வரையச் சொல்லி வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவாயிருப்பது அரிது. அட்டையைச் செருப்பின்மேல் வைத்தால் எங்கும் மடங்கக் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். விற்பவர் "போடப் போடத் தளர்ந்துவிடும்" என்பார், கேட்காதீர்கள். முதல் சில நாட்கள் ஒரு மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். ஓரிடம் சிவந்து, அரை மணியில் மறையாவிட்டால் அந்தச் செருப்பு ஆகாது.

ரப்பருக்கும் ஆயுள் உண்டு. காற்றறைகள் நசுங்கி, குழி விழுந்த இடம் எழாமல் போனால், மேல்பட்டை புதிதுபோல் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

செருப்பை மாட்டுமுன் தலைகீழாகத் தட்டி, உள்ளே விரல்விட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். மாமா வீட்டில் அந்த வேலை இப்போது அவருடைய பேத்தியுடையது. போன வாரம் ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் காட்டினாளாம்.