இறால் ஓட்டிலிருந்து உணவைக் காக்கும் உறை

பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் வரையிலான கடற்கரை மக்களுக்கு உணவைக் கெடாமல் வைப்பது புதிதல்ல. உப்பளத்து உப்பு மீனிலுள்ள நீரை இழுத்துவிடுகிறது. நீர் குறைந்தால் கிருமிகள் பெருக முடியாது. கருவாடு மாதக்கணக்கில் தாங்குவது இதனால்தான்.

ஆனால் பச்சை மீனையும் இறைச்சியையும் பாலித்தீன் கவரில்தான் வாங்கி வருகிறோம். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருந்தும் அவை ஒழிந்தபாடில்லை.

இதற்கு மாற்றாக, கிருமிகளைத் தடுத்துவிட்டுப் பிறகு மண்ணில் மக்கிப்போகும் மெல்லிய உறைகளை விஞ்ஞானிகள் உருவாக்கி வருகின்றனர். அதன் மூலப்பொருள்களில் ஒன்று, நாம் உரித்து எறியும் இறால் ஓடு. அமிலத்தால் ஓட்டின் சுண்ணாம்பையும், காரத்தால் புரதத்தையும் நீக்கினால் கைட்டின் கிடைக்கும். அதை அடர்காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது.

கைட்டோசான் நேர் மின்னேற்றம் கொண்டது. பாக்டீரியாவின் மேற்புறம் எதிர் மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது பாக்டீரியாவின் மேலுறை சிதைகிறது. கிராம்பு எண்ணெய் சேர்த்தால் இந்த ஆற்றல் கூடும்.

குறைகளும் உண்டு. வெறும் கைட்டோசான் உறை எளிதில் முறியும், ஈரத்தை உறிஞ்சும். முறியாமலிருக்கக் கிளிசரின் கலக்கிறார்கள். விலையும் பாலித்தீனைவிட அதிகம்.

முக்கியமாக, எந்த உறையும் ஐஸுக்கு ஈடாகாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிர்ச்சியின்றிக் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். பிறகு சமைத்தாலும் அது அழியாது.

நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சில மக்கும் உறைகள் ஜெலட்டினால் செய்யப்படுகின்றன. ஜெலட்டின் மாடு, மீன் ஆகியவற்றிலிருந்து மட்டுமல்ல, பன்றித் தோலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. உணவோடு சேர்த்து உண்ணும் உறையானால், அது எதனால் ஆனது என்று கேட்டறிந்து ஹலாலை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இறால் ஒவ்வாமை உள்ளவர்களும் இதே கேள்வியைக் கேட்பது நல்லது.

‘மக்கும்’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். மக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். மக்காச்சோளத்திலிருந்து செய்யப்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக், சுமார் 60 டிகிரி வெப்பமுள்ள உரக்கூடத்தில்தான் விரைவாக மக்கும். கடலில் எறிந்தால் அதுவும் நெடுங்காலம் குப்பையாகவே கிடக்கும்.