எந்திரம் நின்ற பின்

நுழையும்முன்

வானில் பறந்துகொண்டிருக்கையில் எந்திரம் நின்றுவிட்டால் வானூர்தி கல்லைப்போல் கீழே விழுந்துவிடும் என்பது பலரது எண்ணம். ஒற்றை எந்திரம் கொண்ட சிறு வானூர்திகள் ஏன் விபத்துக்குள்ளாகின்றன என்பதை, நம் கண்ணுக்குப் பழகிய திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் நிலப்பரப்பை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள். திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கீரனூரை அடுத்த அம்மாசத்திரம் அருகே, பேருந்துகளும் சரக்குந்துகளும் ஓடும் சாலையில் ஒரு சிறு வானூர்தி வந்து இறங்கியது. சேலத்திலிருந்து புறப்பட்ட செஸ்னா 172 வகைப் பயிற்சி வானூர்தி அது. நடுவானில் கோளாறு நேர்ந்ததால் நெடுஞ்சாலையே அதற்கு ஓடுபாதை ஆயிற்று. உள்ளிருந்தோர் காயமின்றி வெளியே வந்தனர்.

இத்தகைய நிகழ்வுகளில் ‘அதிசயமாக உயிர் தப்பினர்’ என்று சொல்வது நம் வழக்கம். நன்றியுணர்வில் பிறக்கும் சொல்லாதலால் அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அச்சொல் ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது. எந்திரம் நின்றால் எங்கே இறங்குவது, எந்த வேகத்தில் இறங்குவது என்பன விமானிக்குப் பயிற்சிக் காலத்திலேயே மீண்டும் மீண்டும் கற்பிக்கப்படும் பாடங்கள். எந்திரம் நிற்பது மட்டுமே உயிரைப் பறிப்பது அரிது. அது நிற்பதற்கு முன் எடுத்த முடிவுகளும், நின்ற பின் சில நொடிகளில் நிகழும் பிழைகளுமே பெரும்பாலும் உயிரைப் பறிக்கின்றன.

ஒற்றை எந்திரம் என்பதே ஆபத்தானது என்று கருதவும் வேண்டா. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து மும்பைக்கு அஞ்சல் கொண்டுவந்தது புஸ் மாத் என்னும் ஒற்றை எந்திர வானூர்தியில்தான். நெவில் வின்சென்ட் அந்த அஞ்சலைச் சென்னைவரை கொண்டு சேர்த்தார். இந்திய வான்வழிப் போக்குவரத்து அவ்வாறுதான் தொடங்கியது. இரட்டை எந்திரத்தில் ஒன்று நின்றால் மற்றொன்றின் துணையால் விமான நிலையத்தைத் தேடிச் செல்லலாம். ஒற்றை எந்திரத்தில் அந்த வாய்ப்பு இல்லை. இறங்கியே ஆக வேண்டும். எனவே விமானியின் உயரமும் வேகமும் அவர் கைப்பொருள் போன்றவை.

செஸ்னா 172 போன்ற வானூர்தி, எந்திரம் நின்ற நிலையில், ஒரு மீட்டர் உயரம் இழப்பதற்குள் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் முன்னோக்கி மிதந்து செல்லும். இக்கணக்கைத் திருவரங்கத்தின்மேல் பொருத்திப் பார்ப்போம். 1987இல் நிறைவுற்ற இராசகோபுரத்தின் உயரம் 236 அடி. மக்கள் நெருக்கமாக வாழும் பகுதியில் பறக்கும்போது, அருகிலுள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் குறைந்தது 1,000 அடி உயரம் வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஆகவே கோபுரத்தை ஒட்டிப் பறப்பவர் தரையிலிருந்து 1,236 அடிக்குக் கீழே வரலாகாது. அவ்வுயரத்திலிருந்து காற்றில்லா நேரத்தில் மிதந்தால் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் செல்லலாம். விமான நிலையமோ நேர்கோட்டில் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே உள்ளது. அங்கே சென்றடைய 4,000 அடி உயரமாவது வேண்டும். ஓடுபாதைக்கு நேராகத் திரும்புவதற்கு அதற்கும் மேல் வேண்டும்.

அப்படியானால் 1,236 அடியில் எந்திரம் நின்றவர் எதை நம்புவார்? வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. வெள்ளக் காலம் நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் மணல்வெளியே மிகுதி. மணலில் முன்சக்கரம் புதைந்து வானூர்தி கவிழக்கூடும்; எனினும் வீடுகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் மணல் மேலானது. நடவு முடிந்த நெல்வயல் மேலிருந்து பார்க்கப் பச்சைக் கம்பளம்போல் தோன்றும்; சேற்றில் சக்கரம் பட்டதும் குப்புறத் தள்ளிவிடும். அறுவடை முடிந்த வயல் நல்லது. நெடுஞ்சாலை நீளமானதே, ஆனால் மின்கம்பிகளும் வாகனங்களும் உண்டு. உயரத்திலிருந்து கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தை வைத்துத்தான் கம்பியை ஊகிக்க வேண்டும். நல்ல விமானி எந்திரம் சீராக ஓடும்போதே கீழுள்ள நிலத்தை இவ்வாறு படித்துக்கொண்டே செல்வார்.

நிலத்தைத் தேர்ந்தாயிற்று, இனி அதுவரை வானூர்தியைப் பறக்கவைக்க வேண்டும். இங்கேதான் மிகக் கொடிய பிழை நிகழ்கிறது. இறக்கைமீது காற்று மோதும் கோணம் அளவாக இருக்கும்வரை தூக்குவிசை கிடைக்கும். அக்கோணம் ஏறத்தாழ 15 பாகையைக் கடந்தால், இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிரிந்து சிதறிவிடும். தூக்குவிசை சட்டெனக் குறையும். விமானிகள் இதனை ‘ஸ்டால்’ என்பர். (நாம் அறிந்த தேநீர்க் கடையோடு இச்சொல்லைக் குழப்பிக்கொள்ள வேண்டா; தூக்குவிசை இழப்பு என்பதே பொருத்தமான தமிழ்.) தரை நெருங்கி வருவதைக் காணும் மனிதரின் இயல்பு, கைப்பிடியை இழுத்து மூக்கை உயர்த்துவது. உயர்த்தினால் கோணம் கூடும்; வேகம் குறையும்; தூக்குவிசை போய்விடும். மீள வேண்டுமானால் மூக்கைத் தாழ்த்த வேண்டும். தரையை நோக்கியே தாழ்த்துவதற்கு மனம் எளிதில் இசையாது. இசைவிப்பதே பயிற்சி.

தெரிந்து தெளிவோம்

செருமானியப் பொறியாளர் ஓட்டோ லிலியென்தால் எந்திரமே இல்லாத மிதவை ஊர்திகளில் பல்லாயிரம் மீட்டர் பறந்து பழகியவர். 1896 ஆகஸ்டில் அவரது ஊர்தி வானில் தூக்குவிசை இழந்து வீழ்ந்தது. மறுநாள் அவர் உயிர்நீத்தார். இன்றும் சிறு வானூர்திகளின் உயிர்ப்பலி விபத்துகளில் கட்டுப்பாட்டை இழத்தலே முதன்மையான வகையாக இருக்கிறது.

இவ்விழப்பு நேராகப் பறக்கும்போது மட்டும் நிகழ்வதன்று. சாய்ந்து திரும்பும்போது இறக்கை கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. நேராகப் பறக்கையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் தூக்குவிசை இழக்கும் வானூர்தி, 45 பாகை சாய்ந்து திரும்பினால் 107 கிலோமீட்டரிலேயே இழக்கும். 60 பாகை சாய்ந்தால் 127 கிலோமீட்டரில் இழக்கும். ஓடுபாதையிலிருந்து மேலெழுந்து 300 அடியில் எந்திரம் நின்றதாகக் கொள்வோம். பின்னால் இருக்கும் ஓடுபாதை அழைப்பதுபோல் தோன்றும். திரும்ப முயல்பவருக்கு உயரமும் போதாது, வேகமும் போதாது. அவசரத்தில் கூர்மையாகச் சாய்க்கிறார். தாழ்ந்திருக்கும் இறக்கை முதலில் தூக்குவிசை இழக்கிறது. வானூர்தி சுழன்று விழுகிறது. அவ்வுயரத்தில் நேராக எதிரே உள்ள வெளியில் இறங்குவதே முறை. அங்கே வானூர்தி சேதமடையலாம், ஆள் பிழைப்பார்.

எந்திரம் ஏன் நிற்கிறது? உதிரிப்பாகம் உடைவது ஒரு காரணம். வியப்பு என்னவென்றால், உடையாத எந்திரமும் நிற்கும். எரிபொருள் தீர்ந்துபோதல் அவற்றுள் எளிதில் தவிர்க்கக்கூடியது. ஆனாலும் ஓயாமல் நிகழ்கிறது. ஒரு தொட்டி தீர்ந்து மறு தொட்டி நிறைந்திருக்க, திறப்பியை மாற்ற மறந்தோரும் உண்டு. அளவுகாட்டியை முழுதும் நம்பாமல் தொட்டியைத் திறந்து அளவுகோலிட்டுப் பார்க்க வேண்டும் என்பது பழைய விதி. பாதி நிறைந்த தொட்டியை இரவு முழுதும் வெளியே நிறுத்திவைத்தால், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். நீர் எரிபொருளைவிடக் கனமானது, அடியில் தங்கும். அதனால் காலையில் ஒரு சிறு கண்ணாடிக் குழலில் அடித்தொட்டி எரிபொருளை எடுத்து ஒளியில் பிடித்துப் பார்ப்பர். சிறு வானூர்திகளுக்குரிய பெட்ரோல் இளநீல நிறம் ஊட்டப்பட்டது. குழலின் அடியில் நிறமற்ற நீர் தனித்துத் தெரியும்.

இன்னொரு காரணம் நம் ஊர் வெயிலில் யாரும் நம்ப மறுப்பது: பனிக்கட்டி. எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் எரிபொருள் ஆவியாகிறது. மண்பானை நீர் ஏன் குளிர்கிறதோ அதே காரணத்தால் அங்கும் வெப்பம் உறிஞ்சப்படுகிறது; குறுகிய வழியில் விரையும் காற்றின் அழுத்தம் குறைவதும் குளிரைக் கூட்டுகிறது. உள்ளே வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்கு மேலும் வீழலாம். ஆகவே வெளியே 25 பாகை இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உள்ளே பனி உறையும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலக் காற்று இதற்கு ஏற்றது. காற்றுவழி சிறிது சிறிதாக அடைபட, எந்திரத்தின் சுழற்சி தளரும். வெப்பக் காற்றைச் செலுத்தும் நெம்புகோலை இழுத்தால் பனி உருகும். உருகிய நீர் எந்திரத்துள் செல்லும்போது ஓட்டம் சற்று நேரம் முன்னிலும் மோசமாகத் தடுமாறும். அதைக் கண்டு அஞ்சிய புதியவர் நெம்புகோலை மீண்டும் மூடிவிடுவதுண்டு. தீர்வையே நோயென்று எண்ணிவிடுகிறார். புதிய செஸ்னாக்களில் கார்புரேட்டருக்கு மாற்றாக எரிபொருளை நேரே பீய்ச்சும் அமைப்பு இருப்பதால் இத்தொல்லை இல்லை.

கோடையின் சிக்கல் வேறு. திருச்சிராப்பள்ளி விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 300 அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் உள்ளது. வெப்பநிலை 40 பாகையைத் தொடும் மே மாத நண்பகலில் காற்று விரிந்து அடர்த்தி குறைவதால், வானூர்தி அங்கே 3,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும். எந்திரத்திற்கு ஆற்றல் குறையும். நீண்ட ஓடுபாதையில் இது பெரிதாகத் தெரியாது. குறுகிய ஓடுபாதையில், நால்வரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு புறப்படுபவருக்கு எதிரே உள்ள மரங்கள் அதை உணர்த்தும்.

மார்கழி விடியலில் காவிரிக்கரையில் மூடுபனி இறங்கி, இராசகோபுரத்தின் மேல்நிலைகள் மறைவதைத் திருவரங்கத்தார் அறிவர். அத்தகைய வெண்மைக்குள் கருவிகளைக் கொண்டு பறக்கப் பயிலாத விமானி நுழைந்தால், தொடுவானம் மறைகிறது. உட்செவியின் சமநிலை உணர்வு, மெல்லச் சாயும் வானூர்தியை நேராகச் செல்வதாகவே காட்டும். 1954இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில், இப்பயிற்சி பெறாத 20 விமானிகளை வெளியே காணமுடியாத நிலையில் பறக்கவைத்துச் சோதித்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை. எந்திரமோ இறுதிவரை பழுதின்றி ஓடும். ‘இவ்வளவு தொலைவு வந்துவிட்டோம், போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்னும் எண்ணமே அவரை மூடுபனிக்குள் செலுத்துகிறது.

தாழப் பறந்து சாகசம் காட்டுவதும் அவ்வாறே. 1980 ஜூன் 23 அன்று தில்லி சப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து பிட்ஸ் எஸ்-2ஏ என்னும் ஒற்றை எந்திர வானூர்தியில் எழுந்த சஞ்சய் காந்தி, வான்சாகசத்தின்போது கட்டுப்பாடு இழந்து வீழ்ந்து இறந்தார். உடன் சென்ற கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் உயிரிழந்தார். உயரம் இருந்தால் திருத்திக்கொள்ளக்கூடிய பிழைக்குத் தாழ்வில் இடமில்லை.

நம் நாட்டில் வானூர்தி விபத்துகளை ஆராய வானூர்தி விபத்துப் புலனாய்வுப் பணியகம் உள்ளது. விதிகளின்படி அதன் நோக்கம் மீண்டும் விபத்து நிகழாமல் தடுப்பதே. பழி சுமத்துவது அன்று. எனவேதான் புலனாய்வாளர் விமானியின் முந்தைய இரவுத் தூக்கத்தையும் கேட்கிறார், தொட்டியில் எஞ்சிய எரிபொருளையும் குழலில் பிடித்துப் பார்க்கிறார். கார்புரேட்டரில் உறைந்த பனி அவர் வருவதற்குள் உருகி மறைந்திருக்கும். அன்றைய ஈரப்பதக் குறிப்பைக் கொண்டே அதை ஊகிக்க வேண்டும். முகப்பிலுள்ள சுழல்விசிறியையும் அவர் கூர்ந்து நோக்குவார். ஆற்றலோடு சுழன்றபடி தரையில் மோதிய விசிறியின் தகடுகள் முறுக்கேறி, முன்னோக்கியும் வளைந்திருக்கும். எந்திரம் நின்ற பின் இறங்கியதாயின், தரையில் பட்ட தகடு பின்னோக்கி மட்டும் மடிந்திருக்கும். மற்றது பெரும்பாலும் நேராகவே இருக்கும்.