புள்ளியும் சுற்றுப்படமும்

தமிழிலே ஒரு புள்ளி பொருளை மாற்றவல்லது. ஓலை கிழிந்துவிடுமென அஞ்சி, ஏடெழுதினோர் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டனர். அதனாற் பதிப்பாசிரியர் பட்ட இடர் பெரிது. அத்தகைய இடர் இலத்திரனியற் சுற்றுப்படங்களுக்கும் நேர்வதைச் சென்ற ஆண்டு கண்டேன்.

எம் மாணவர் இருவர் பொருட்காட்சிக்கென விரியலாக்கி ஒன்றை அமைத்தனர். பழைய மாணவர் ஒருவர் தாம் வரைந்த படத்தைக் கைப்பேசி வழியே அனுப்பியிருந்தார். கருவியோ இயங்கவில்லை. இரு கோடுகள் குறுக்கிடும் இடத்திற் புள்ளியிருப்பின் அவை இணைந்தன என்பது பொருள். இல்லையேல் தொடாது கடக்கின்றன. படம் சுருங்கியபோது அப்புள்ளி மறைந்துவிட்டது. மூன்று நாள் உழைப்பு வீணாயிற்று.

இதன் காரணம் யாது? ஜேபெக் என்பது ஒளிப்படங்களுக்கென அமைந்த வடிவம். கோப்பைச் சிறிதாக்கும்பொருட்டு அது நுண்விவரங்களைக் கைவிடும். கூரிய கோடுகள் கலங்கும். பிஎன்ஜி வடிவம், படத்தின் அளவைக் குறைக்காதவரை, எதனையும் இழப்பதில்லை. எஸ்விஜி வடிவமோ கோடுகளைக் கணித முறையிற் பதிவதால், எத்துணை பெருப்பித்தாலும் மங்காது.

ஆயின், படம் வேறு, சுற்று வேறு. படத்தை மட்டும் பெற்றவர் அதனைத் திருத்த விரும்பின் முற்றாக மீள வரைதல் வேண்டும். 1973இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்திலிருந்து வெளிவந்த ஸ்பைஸ் என்னும் மென்பொருள் வேறு வழி காட்டிற்று. உறுப்பின் பெயர், அது சேரும் கணுக்கள், அதன் பெறுமானம் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதினாற் போதும். இணைப்பு ஐயமின்றி விளங்கும். ஆனால் கண்ணுக்குப் படம் இராது.

இவ்விரண்டையும் ஒருங்கே தருவது கீகாட். 1992இல் பிரான்சு நாட்டவரான ஜோன் பியர் சராஸ் தொடங்கிய இம்மென்பொருள் யாவர்க்கும் இலவசம். படத்தையும் இணைப்பையும் எழுத்துக் கோப்பாகவே இது சேமிக்கும். பிற மென்பொருள்கள் பல தத்தமக்கெனத் தனி வடிவங்களைக் கையாள்வதால், பெறுபவரிடம் அதே மென்பொருள் இல்லாதவிடத்துக் கோப்பு சிலவேளை பூட்டிய பெட்டியாகிவிடுகின்றது.

ஆதலின், மாணவர்க்குச் சுற்றுப்படம் அனுப்பும் பழைய மாணவ அன்பர்களிடம் யான் வேண்டுவது இது: பார்ப்பதற்கு எஸ்விஜி படம் ஒன்றும், திருத்துவதற்குக் கீகாட் கோப்பு ஒன்றும் சேர்த்தனுப்புக. கையால் வரைந்தே அனுப்ப நேரின், இணைப்புகளை எழுத்திலும் ஒருமுறை குறித்துவிடுக. வரைந்தவருக்குத் தெரிந்த புள்ளி வாசிப்பவருக்கும் தெரிதல் வேண்டுமன்றோ?