ஈறுக்கு அடியில் ஏழு மில்லிமீட்டர்

“மூணு, ரெண்டு, மூணு... அஞ்சு, நாலு, ஏழு.”

பல் மருத்துவக் கல்லூரிகளின் ஈறு நோய்ப் பிரிவில் காலை வேளையில் இந்த வாய்ப்பாடு ஓயாமல் கேட்கும். முனை மழுங்கிய மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி ஒருவர் எண்ணைச் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டே வருவார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். வாயில் 28 பல் இருந்தால் 168 எண்கள். கம்பியில் மில்லிமீட்டர் கணக்கில் கோடுகள் உண்டு. மூன்று வரை வந்தால் கவலையில்லை. அந்த அளவு இடுக்கு எல்லோருக்கும் இருப்பதுதான். நாலு, அஞ்சு என்று போனால் இடுக்கு பையாக மாறிவிட்டது. ஏழு வந்தால், பெரும்பாலும் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த எலும்பு அந்த இடத்தில் கரைந்திருக்கிறது.

நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் புரியாது. வாய் நாற்றம் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள், அல்லது முறுக்கு கடிக்கும்போது பல் ஒன்று அசைந்திருக்கும். அதற்காக வந்தவர். வலிக்கிறதா என்று கேட்டால், “வலியெல்லாம் இல்லைங்க டாக்டர்” என்பார். இந்த நோயின் கெட்டிக்காரத்தனமே அதுதான். சொத்தைப் பல் நள்ளிரவில் எழுப்பி உட்கார வைக்கும். ஈறு நோய் பத்துப் பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் வேலை பார்க்கும். ரத்தம் கசிவதைத் தவிர அது வேறு தந்தி அனுப்புவதில்லை. புகைபிடிப்பவர்களுக்கு அந்தத் தந்தியும் சரியாக வராது. புகையிலையின் விளைவால் அவர்களுடைய ஈறு குறைவாகத்தான் கசியும்.

காலையில் எழுந்ததும் பல்லை நகத்தால் சுரண்டினால் மாவு போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வருகிறதே, கதை அங்கே தொடங்குகிறது. அது வெறும் சோற்று மிச்சமில்லை, உயிருள்ள கிருமிப் படலம். 1683-ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹுக், தன் பல்லிலிருந்து எடுத்த மாவைத் தானே செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். குட்டி உயிர்கள் அதில் துள்ளித் திரிவதை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். வினிகரால் வாயைக் கழுவியும் பார்த்திருக்கிறார். படலத்தின் மேல்புறத்தில் இருந்தவை மட்டும் செத்தன. உள்ளே இருந்தவற்றை வினிகர் எட்டவில்லை. மவுத்வாஷ் பாட்டிலை நம்பி இருப்பவர்களுக்கு 340 வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்ட பதில்.

துலக்காமல் விட்ட படலத்தில் எச்சிலின் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, சில நாட்களிலேயே அது இறுகத் தொடங்குகிறது. இதுதான் காரை. எச்சில் சுரப்பிகளின் வாய் திறக்கும் இடங்களுக்கு எதிரே, கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கமும் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கமும் அதற்கு மிகப் பிடித்த இடங்கள். இறுகிய காரையை எந்த பிரஷ்ஷும், எந்தப் பற்பொடியும் எடுக்காது. அதன் சொரசொரப்பில் புதுப் படலம் வந்து உட்காரும். அதை விரட்ட உடம்பு நடத்தும் சண்டையில் ஈறு வீங்குகிறது, பை ஆழமாகிறது, எலும்பு பின்வாங்குகிறது. எலும்பைத் தின்பதில் கிருமியைவிட இந்தச் சண்டைக்கே பங்கு அதிகம்.

சண்டை தொடங்க எத்தனை நாள் வேண்டும்? டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் நார்வேக்காரரான ஹாரால்ட் லோ இதைச் சோதித்துப் பார்த்தார். 1965-ல் வெளியான ஆய்வு அது. நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆனது, எல்லாம் சரியாயிற்று. அழற்சியோடு நிற்கும்வரை பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி கிடையாது.

திரும்பாமல் போனவர்களைத் தேடி லோ வந்த இடம் இலங்கை மலையகம். 1970-ல் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த 480 ஆண்களின் வாயை அவருடைய குழு அளந்தது. பெரும்பாலும் தமிழர்கள் உழைக்கும் தோட்டங்கள் அவை. பிரஷ் பழக்கம் இல்லை, பல் மருத்துவரும் கிடையாது. சொத்தை மட்டும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆகவே விழும் ஒவ்வொரு பல்லும் ஈறு நோயின் கணக்கிலேயே வரும். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். கடைசிச் சுற்றில் முதல் பட்டியலிலிருந்து 161 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

கிடைத்த முடிவு உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் ஏறிவிட்டது. ஒரே மாதிரித் தோட்டம், ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி துலக்காத வாய். ஆனால் 8 சதவீதம் பேருக்கு நோய் குதிரை வேகத்தில் ஓடியது. 35 வயதில் 12 பல் போயிருந்தது, 40-ல் 20, 45-ல் வாய் காலி. 81 சதவீதம் பேருக்கு நிதானமாகப் போய், 45 வயதில் சராசரியாக 7 பல் விழுந்திருந்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதே தவிர எலும்பு அசைந்து கொடுக்கவில்லை. “எங்க தாத்தா பல்லே விளக்கினதில்ல, எண்பது வயசிலும் கரும்பு கடிச்சார்” என்று ஊருக்கு ஒருவர் சொல்வாரே, அந்தத் தாத்தா இந்தப் பதினொன்றில் ஒருவராக இருந்திருக்கலாம். பேரனும் அதில்தான் இருப்பான் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2010-ல் வேறொரு குழு மலையேறிப் போனபோது, அந்த 480 பேரில் 75 பேரை மறுபடி பார்த்துப் பரிசோதிக்க முடிந்தது. நோய் எப்படி நடக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த அந்த வாய்களின் சொந்தக்காரர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்று இப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி கேட்டால் கிடைப்பது சந்தேகம்தான்.

இந்த நோய்க்குக் காரையைச் சுரண்டி எடுப்பதுதான் வைத்தியம், அது புதிதும் கிடையாது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஜான் ரிக்ஸ் என்றொரு பல் மருத்துவர் இருந்தார். 1844 டிசம்பர் 11 அன்று, சிரிப்பு வாயுவை முகர்ந்துவிட்டு உட்கார்ந்த ஹொரேஸ் வெல்ஸ் என்ற சக மருத்துவரின் பல்லை வலியில்லாமல் பிடுங்கியவர் இவர்தான். மயக்க மருந்தின் வரலாறு அந்தப் பல்லிலிருந்து நீள்கிறது. பிற்பாடு ரிக்ஸ் ஈறு பக்கம் திரும்பினார். ஆடும் பல்லைப் பிடுங்கு, இல்லையென்றால் ஈறை வெட்டு என்று மற்றவர்கள் சொன்ன காலத்தில், வேரில் ஒட்டிய காரையைச் சுரண்டினால் பல் நிற்கும் என்று வாதாடினார். நம் ஊர்ப் பற்பொடி விளம்பரங்கள் பழக்கிய ‘பயோரியா’வுக்கு அமெரிக்காவில் வெகுகாலம் ‘ரிக்ஸ் நோய்’ என்றே பெயர்.

இன்றைய டீப் கிளீனிங் அவர் வைத்தியத்தின் தொடர்ச்சி. சாதாரண கிளீனிங் ஈறுக்கு மேலே தெரிவதை எடுக்கும். இது ஈறுக்குள் இறங்கி வேர் வரை போகும். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, வாயை ஒவ்வொரு பகுதியாக எடுத்துக்கொள்வார்கள். முழு வாயும் முடிய இரண்டு முதல் நான்கு தடவை வரவேண்டியிருக்கும். முதலில் அல்ட்ராசானிக் கருவி. அதன் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும். கூடவே தண்ணீர் பீய்ச்சும். அடுத்து கையால் பிடித்துச் சுரண்டும் கியூரெட். முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என்று வளைவு வளைவாகத் தட்டில் அடுக்கியிருக்கும்.

ஈறுக்கு அடியில் கண் பார்க்க முடியாது. இருட்டு அறையில் சுவரைத் தடவி சுவிட்சைத் தேடுகிற மாதிரி, விரல்நுனி உணர்ச்சியை வைத்தே வேலை நடக்கிறது. வந்து விழுவது மேலே இருக்கும் காரை போல மஞ்சளாக இருக்காது. ரத்தத்தின் நிறம் ஊறி, கருங்கல் சில்லு போல கறுத்திருக்கும். அதைத் துணியில் துடைத்துக் காட்டும் மருத்துவர்கள் உண்டு. பார்த்தவர் அடுத்த தடவைக்குத் தவறாமல் வருவார்.

வேரைக் கண்ணாடி போல வழவழவென்று சீவ வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கிருமியின் நச்சு வேரின் மேலாகத்தான் ஒட்டியிருக்கிறது என்று 1980-களின் ஆய்வுகள் காட்டிய பிறகு, கை கொஞ்சம் மென்மையாகியிருக்கிறது.

நம் ஊரில் பெரிய தடை ஊசியோ செலவோ இல்லை, ஒரு வதந்தி: “கிளீன் பண்ணினா பல் ஆட ஆரம்பிச்சிடும்.” முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. பழைய கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பார்த்திருப்போம். செங்கல்லைப் பிளந்ததும் அதன் வேர்தான், பிளந்த செங்கல் விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதே வேர்தான். கன்றைப் பிடுங்கிய அன்று சுவர் பொலபொலக்கும். எலும்பு போன பிறகு பற்களைக் காரை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கிறது. அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வடிந்ததும் பல வாய்களில் ஈறு இறுகி ஆட்டம் குறையும். வீக்கம் வடிவதால் பல் நீண்டுவிட்ட மாதிரியும், நடுவில் சந்து விழுந்த மாதிரியும் தோன்றும். குளிர்ந்த தண்ணீர் சில வாரம் கூசும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாத மருத்துவர்தான் அந்த வதந்தியை வளர்க்கிறார்.

பலன் எவ்வளவு? 4 முதல் 6 மில்லிமீட்டர் பை, சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைகிறது. ஏழும் அதற்கு மேலும் உள்ளவை இரண்டு மில்லிமீட்டர் போலக் குறைகின்றன. கேட்க அற்பமாக இருக்கலாம். ஐந்து நாலாவதும் நாலு மூன்றாவதும் பிரஷ்ஷால் காப்பாற்ற முடிகிற பல்லுக்கும் முடியாத பல்லுக்கும் உள்ள தூரம். போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது. மிச்சத்தை நிறுத்தி வைக்கலாம். ஆழப் பைகளில், முக்கியமாக வேர்கள் பிரியும் கடைவாய்ப் பற்களில், கருவி எட்டாமல் காரை தங்கிவிடுவதுண்டு. அங்கேதான் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஃபிளாப் சர்ஜரி தேவைப்படும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் மட்டும் இந்த வேலையைச் செய்யாது. வீக்கம் இரண்டு வாரம் அடங்கும். காரை அங்கேயே இருக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் கூடுதல் கணக்கு ஒன்று உண்டு. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினம். ஈறு சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில், ரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.43 புள்ளி இறங்கியதாக, பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பு 2022-ல் கணக்கிட்டது. மாத்திரைக்கு மாற்று இது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் சர்க்கரை டாக்டர் காலைப் பார்ப்பது போல, கண்ணைப் பார்க்கச் சொல்வது போல, ஈறையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாரடைப்பு வராது என்று விளம்பரம் செய்யும் அளவுக்கு மட்டும் சான்று இன்னும் வரவில்லை.

கிளீனிங் முடிந்த அன்றே மறுபடி படலம் படியத் தொடங்கும். ராத்திரி துலக்காமல், பற்சந்துகளில் குட்டி பிரஷ் விடாமல் இருந்தால், செலவழித்த பணம் சில மாதத்தில் காரையாகத் திரும்பி வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்கு வரச் சொல்வதை வியாபாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையான வியாபாரம் வேறு இடத்தில் நடக்கிறது. கம்பி வைத்து அளக்காமல், எக்ஸ்ரே எடுக்காமல், வாயைத் திறந்து பார்த்த ஒரு நிமிஷத்தில் “டீப் கிளீனிங் பண்ணணும், லேசரோட பண்ணிடலாம்” என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி, கிளீனிங்கோடு லேசரையும் சேர்ப்பதைப் பரிந்துரைக்கவில்லை.

சென்னைக்காரர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களில் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியானாலும் ஈறு நோய்ப் பிரிவு கட்டாயம் உண்டு. தனியார் கிளினிக்கைவிடச் செலவு பொதுவாகக் குறையும். எங்கே போனாலும், அந்த எண்கள் எழுதிய தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வாரமோ மூன்று மாதமோ கழித்து மறுபடி அளக்கச் சொல்லி, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு, ஐந்தாகியிருக்கிறதா என்று படிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை.