இரட்டைப் புரோத்தன் சிதைவு

பருத்தித்துறையை அடுத்த கெருடாவிலைப் பூர்வீகமாகக் கொண்டது குமாரசுவாமி முதலியாரின் குடும்பம். அவருடைய பேரனாகிய ஆனந்த குமாரசுவாமியைக் கலை ஆராய்ச்சியாளராகவே நம்மிற் பலர் அறிவர். அவர் முதலிற் கனிப்பொருள் ஆராய்ந்த விஞ்ஞானி. 1904 ஆம் ஆண்டில், சப்பிரகமுவ மாகாணத்திற் கிடைத்த பாரமான கரிய கனிமமொன்று தோரியனைற்று எனப் பெயர்பெற்றது. அதனை உலகறியச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். மறு ஆண்டே, இலண்டனில் ஒற்றோ ஹான் அக்கனிமத்தினின்றும் ரேடியோதோரியம் என்னும் கதிர்வீசும் பொருளைக் கண்டறிந்தார்.

தோரியத்தின் கரு, இரண்டு புரோத்தன்களையும் இரண்டு நியூத்திரன்களையும் ஒரே பொதியாக வெளியே எறிகின்றது. இதுவே அல்பாக் கதிர். அவ்வாறாயின், நியூத்திரன்களின் துணையின்றி இரண்டு புரோத்தன்கள் மாத்திரம் ஒருங்கே வெளிவருதல் கூடுமோ? கூடும் என்று 1960 இல் சோவியத் விஞ்ஞானி கோல்டான்ஸ்கி கூறினார்.

புரோத்தன்கள் நேர்மின்னேற்றமுடையன, ஆதலின் ஒன்றையொன்று தள்ளுவன. அவற்றைக் கட்டி வைத்திருப்பது கருவிசை. மின்னேற்றமற்ற நியூத்திரன்கள் அக்கட்டுக்குத் துணைபுரிகின்றன. அவை குறைந்து புரோத்தன்கள் மிகுந்தாற் கட்டுத் தளரும்.

தளர்ந்தால் ஒரு புரோத்தன் மாத்திரம் வெளியேறலாகாதா? சில கருக்களில் அதற்கு வழியில்லை. புரோத்தன்கள் கருவினுள் சோடி சேர்ந்தே இருக்கின்றன. சோடியைப் பிரிப்பதற்குச் சக்தி செலவாகும். அச்செலவை ஈடுசெய்ய வரவில்லை. இரண்டும் சேர்ந்து சென்றாலோ சக்தி மிஞ்சும். ஒருவரை ஏற்றினால் நட்டம், இருவரை ஏற்றினால் இலாபம் என்றால், தோணிக்காரன் ஒருவருக்காகத் துறையை விட்டு நகர்வானா?

இலேசான கருக்களில் இச்சிதைவு மிக விரைவில் நிகழும். வெளியேறும் புரோத்தன்களை மறிக்கும் மின்தடை அங்கே தாழ்ந்தது. நான்கு புரோத்தன்களும் இரண்டு நியூத்திரன்களுமுடைய பெரிலியம் 6, இரு புரோத்தன்களை விட்டு ஈலியமாகின்றது. அதற்கு ஆயுளென்று சொல்லத்தக்க ஆயுளில்லை. பன்னிரண்டு புரோத்தன்களும் ஏழு நியூத்திரன்களுமுடைய மகனீசியம் 19 நியோன் 17 ஆகின்றது. அதன் அரைவாழ்வு, ஒரு செக்கனை இலட்சங் கோடி பங்காக்கினால் அவற்றில் ஏறக்குறைய நான்கு பங்கு. இது 2007 இல் அறியப்பட்டது.

தடை உயர்ந்த இரும்பு 45 சற்று நிலைத்து நிற்கும். அதன் அரைவாழ்வு செக்கனின் ஆயிரத்திற் சில பங்கு. எனவே கோல்டான்ஸ்கியின் கூற்று முதலில் மெய்ப்பட்டது அக்கருவிலேயே. 2002 இல் ஜேர்மனியிலும் பிரான்சிலும் நடந்த பரிசோதனைகள் அதனை நிலைநாட்டின. 2007 இல், வாயு நிரப்பிய கூடமொன்றினுள் இரு புரோத்தன்களின் தடங்களும் ஒளிப்படமாகவே பதிவாயின.

அப்படங்கள் காட்டிய உண்மை யாது? அவ்விரண்டும் அல்பாவைப் போல் ஒரே பொதியாகச் செல்லவில்லை. ஒன்றையொன்று முற்றும் மறந்தும் செல்லவில்லை. பிரிந்து செல்லும் கோணங்களில், கருவினுள் அவை கூடியிருந்த முறையின் சுவடு தங்கியிருக்கின்றது. கருவினுள்ளே நேரிற் சென்று காண வழியற்ற நமக்கு, உள்ளே நிகழ்வதை உரைக்கும் சாட்சி அச்சுவடே.